முதல் எல்க் வேட்டை: கறியிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

எல்க், அமெரிக்க மலைக்காடுகளில் திரியும் பெரிய மான். அதை வேட்டையாடப் போக ஆசை என்று சொல்லும் நம்மவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்தத் துப்பாக்கி வாங்கலாம்?" நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான்: அடித்துவிட்டால் கறியை எப்படி ரோட்டுக்குக் கொண்டுவருவீர்கள்?

வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்கு மேல் இருக்கும். பெண் 220 கிலோ அளவில். எலும்பு நீக்கிய கறி மட்டுமே ஆணில் 90 கிலோவுக்குக் குறையாது. 9,000 அடி உயரத்தில், விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்டித் தாண்டி, பழக்கமில்லாத ஒருவர் முதுகில் 25 கிலோவுக்கு மேல் சுமப்பது கஷ்டம். ஆக நான்கைந்து நடை. வண்டியிலிருந்து 2 கிலோமீட்டர் உள்ளே அடித்தால் போக வர 20 கிலோமீட்டரைத் தொட்டுவிடும். எந்த மாநிலம், எந்த மாதம், ஆணா பெண்ணா, கைடு வேண்டுமா, எத்தனை பேர் போவது எல்லாவற்றுக்கும் விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் அந்தக் கணக்கையே பிடித்துக்கொண்டு போகிறது.

எடுத்துக்காட்டுக்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தை வைத்துக்கொள்கிறேன். உலகிலேயே அதிக எல்க் இருப்பது அங்கேதான், இரண்டரை லட்சத்துக்கு மேல். முதல் முறை போகிறவருக்கு வழி ஓரளவு திறந்திருப்பதும் அங்கேதான்.

முதலில் விசா, பிறகு வகுப்பு

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கோ படிக்கவோ வந்தவர்கள் இதைத் தாண்டிப் போகாதீர்கள். எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி குற்றம். நண்பருடைய துப்பாக்கியானாலும் அதேதான். இதற்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றில் ஒன்று, அமெரிக்காவில் முறைப்படி வழங்கப்பட்ட, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். எனவே லைசென்ஸ் கைக்கு வரும் முன் பயிற்சிக்குக்கூடத் துப்பாக்கியைத் தொடாதீர்கள். வந்த பிறகு அது எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை. சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள். வேட்டைச் செலவிலேயே மிகவும் உருப்படியான செலவு அதுதான்.

அடுத்தது வேட்டைக் கல்வி வகுப்பு. 1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்போ பிறந்த எவரும் இந்தச் சான்று இல்லாமல் கொலராடோவில் லைசென்ஸ் வாங்க முடியாது. நீங்கள் டெக்சஸிலோ நியூ ஜெர்சியிலோ இருந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஒரு மாநிலத்தின் சான்றை மற்ற மாநிலங்கள் ஏற்கின்றன. குளிர்காலத்திலேயே முடித்துவிடுங்கள். ஆகஸ்டில் தேடினால் இடம் கிடைக்காது.

டேக் வாங்குவது

ஒரு எல்க்கை அடிக்க உங்களுக்குத் தரப்படும் அனுமதிச் சீட்டுதான் டேக். எந்தப் பகுதி, எந்தத் தேதி, எந்த ஆயுதம், ஆணா பெண்ணா என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். பெரும்பாலான டேக்குகள் குலுக்கலில்தான் கிடைக்கும், அதை 'டிரா' என்பார்கள். ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு மாதத்தில் கதவைச் சாத்துகிறது. வயோமிங்கில் வெளிமாநிலத்தார் பிப்ரவரி தொடக்கத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நியூ மெக்சிகோவுக்கு மார்ச். மொன்டானாவுக்கும் கொலராடோவுக்கும் ஏப்ரல் தொடக்கம். அக்டோபரில் வேட்டை என்றால் ஜனவரியிலேயே உட்கார்ந்து பேச வேண்டும் என்பது இதனால்தான்.

கொலராடோவில் குலுக்கல் இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது. அங்கே ரைஃபிள் சீசன் நான்கு. முதலாவதும் நான்காவதும் குலுக்கல். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் ஆண் எல்க் டேக்கை மாநிலத்தின் பல பகுதிகளுக்குக் கடையில் நேரடியாக விற்றுவந்திருக்கிறார்கள். 2025இல் இரண்டாம் சீசன் அக்டோபர் 25 முதல் நவம்பர் 2 வரை. மூன்றாம் சீசன் நவம்பர் 8 முதல் 14 வரை. வில் வேட்டைக்கும் முன்பு இப்படி நேரடி விற்பனை இருந்தது. 2025 முதல் வெளிமாநிலத்தாருக்கு அது குலுக்கலுக்குப் போய்விட்டது. விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன. மாநில வனவிலங்குத் துறை ஒவ்வோர் ஆண்டும் இலவசமாக வெளியிடும் விதிக் கையேட்டின் அந்த ஆண்டுப் பதிப்பைப் படியுங்கள். போன வருடம் போன நண்பரின் வாய்ச்சொல் போதாது.

வெளிமாநிலத்தாருக்கு ஆண் எல்க் லைசென்ஸ், அதாவது அந்த டேக், 800 டாலரையொட்டி ஆகும். கொலராடோவில் ஆறு மாதம் தொடர்ந்து வசித்தவருக்கு இதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை.

என்னைக் கேட்டால் முதல் வேட்டைக்குப் பெண் எல்க் டேக்குக்கே விண்ணப்பியுங்கள். கொம்பைச் சுவரில் மாட்டும் கனவை இரண்டு வருடம் தள்ளிப் போடலாம். பெண் எல்க் எண்ணிக்கையில் அதிகம், கறி மென்மையானது, சுமை மூன்று நடையில் முடியும். தவிர, பல பகுதிகளில் ஆண் எல்க்கை அடிக்க ஒரு பக்கக் கொம்பில் குறைந்தது நான்கு கிளையாவது இருக்க வேண்டும், அல்லது நெற்றியருகே உள்ள கிளை 5 அங்குலமாவது இருக்க வேண்டும். அரையிருட்டில், மூச்சு வாங்கிக்கொண்டு, 200 கஜம் தள்ளி நின்று கொம்பு எண்ணுவது புதியவருக்கு வேண்டாத சோதனை.

இன்னொன்று. வில் சீசன் செப்டம்பரில் வருகிறது, பாதி புரட்டாசியிலேயே போய்விடும். வீட்டில் புரட்டாசிக்குக் கவுச்சி கிடையாது என்றால் ரைஃபிள் சீசன்தான் தோது, அது பெரும்பாலும் ஐப்பசி. ஆனால் தீபாவளி எந்த வாரம் என்று பார்த்துவிட்டு டேக்குக்குப் பணம் கட்டுங்கள். டேக்கைத் திருப்பிக் கொடுக்க ஆயிரம் விதி இருக்கிறது.

கைடு வேண்டுமா?

இதை வீரமா வசதியா என்ற கேள்வியாக ஆக்கிவிடுகிறார்கள். உண்மையில் கைடு விற்பது மூன்று பொருள்: எல்க் எங்கே என்ற அறிவு, மலையில் தங்க இடம், கறியை இறக்கக் குதிரை. மூன்றில் உங்களிடம் எது இல்லையோ அதை மட்டும் வாங்கலாம்.

முழு ஏற்பாடு என்றால் ஐந்தாறு நாள், சாப்பாடு, கூடாரம், கூடவே கைடு. பொதுவாக 6,000 டாலரில் தொடங்கி 10,000 வரை போகும். தனியார் பண்ணை என்றால் அதற்கும் மேல். லைசென்ஸ் தனி. கைடுக்கும் சமையல்காரருக்கும் 10 முதல் 15 சதவீதம் டிப் கொடுப்பது வழக்கம், அதையும் கணக்கில் சேருங்கள். அடுத்தது 'டிராப் கேம்ப்'. குதிரையில் உங்களை உள்ளே கொண்டுபோய், போட்டு வைத்த கூடாரத்தில் விட்டுவிட்டு, குறித்த நாளில் திரும்ப வந்து அழைத்துப்போவார்கள். வேட்டை உங்கள் பாடு. பெரும்பாலும் முழு ஏற்பாட்டின் பாதிச் செலவில் முடியும்.

மூன்றாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை: கறியை இறக்க மட்டும் ஆள் பிடிப்பது. நீங்களாகவே போய், நீங்களாகவே அடித்து, குதிரை வைத்திருக்கும் உரிமம் பெற்ற அவுட்ஃபிட்டருக்கு (வேட்டைப் பயணம் ஏற்பாடு செய்து தரும் தொழில்காரர்) அழைப்பு விடுத்தால் அவர் வந்து இறக்கிக் கொடுப்பார். ஆனால் சீசன் நடுவில் முன்பின் தெரியாதவர் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள். ஜூலையிலேயே பேசி, கட்டணத்தை முடித்து, எந்தப் பள்ளத்தாக்கு வரை வருவார் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று நண்பர்கள், பெண் எல்க் டேக்குகள், கைவசம் ஒரு குதிரைக்காரரின் எண்: முதல் வேட்டைக்கு நான் சொல்லும் அமைப்பு இதுதான்.

சில இடங்களில் இந்தத் தேர்வு உங்கள் கையில் இல்லை. வயோமிங்கில் மத்திய அரசு 'வில்டர்னஸ்' என்று அறிவித்த காட்டுப் பகுதிகளில் வெளிமாநிலத்தார் பெருவிலங்கு வேட்டையாட, உரிமம் பெற்ற கைடு கூட வர வேண்டும். அல்லது அந்த மாநிலத்துக்காரர் ஒருவர் அதற்கென்று உள்ள இலவச அனுமதி பெற்று உடன் வர வேண்டும். அதே காட்டில் சும்மா நடக்கவோ மீன் பிடிக்கவோ யாரும் வேண்டாம். நியூ மெக்சிகோவில் வேறு மாதிரி: குலுக்கல் டேக்குகளில் 84 சதவீதம் உள்ளூர்க்காரருக்கு, 10 சதவீதம் அவுட்ஃபிட்டரோடு ஒப்பந்தம் போட்டவருக்கு, மீதி 6 சதவீதம்தான் தனியாக வரும் வெளிமாநிலத்தாருக்கு. அங்கே கைடு பிடித்தால் டேக் கிடைக்கும் வாய்ப்பே கூடுகிறது.

அவுட்ஃபிட்டரிடம் கேட்க வேண்டியவை: மாநிலப் பதிவு எண் என்ன? நாம் போகும் தேசிய வனத்தில் தொழில் செய்ய வனத்துறை அனுமதி இருக்கிறதா? ஒரு கைடுக்கு எத்தனை வேட்டைக்காரர்? கறியை இறக்குவது கட்டணத்தில் சேர்ந்ததா? போன வருடம் வெறுங்கையோடு திரும்பிய இரண்டு பேரின் எண் தருவாரா? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவர் முகம் சுளித்தால் அடுத்தவரைப் பாருங்கள். கொம்போடு சிரிக்கும் படங்களை எல்லோரும் காட்டுவார்கள். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் முன்பணம் கொடுக்கவே கூடாது. குதிரை ஏறிப் பழக்கமில்லை என்றால் அதையும், உங்கள் எடையையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வெற்றியைப் பற்றி ஒரு வார்த்தை. பொது நிலத்தில், நேரடி டேக்கில் போகிறவர்களில் ஐந்து பேருக்கு ஒருவர் அடித்தால் அந்தப் பகுதி நல்ல பகுதி. கைடு இதைக் கூட்டுவார், உறுதி தரமாட்டார். உறுதி தருபவரிடமிருந்து விலகி நில்லுங்கள்.

வீட்டில் உட்கார்ந்து இடம் தேடுவது

கொலராடோவின் வடமேற்கில் கிரெய்க், மீக்கர் ஊர்களைச் சுற்றிய பகுதியும், ஃபிளாட் டாப்ஸ் மலையும் பேர் போன எல்க் நாடு. கூட்டமும் அதற்கேற்றாற்போல் இருக்கும். தெற்கே கன்னிசன் பக்கமும் பார்க்கலாம். மாநிலம் முழுவதும் எண்ணிட்ட வேட்டைப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை பேர் போனார்கள், எத்தனை எல்க் விழுந்தது என்ற கணக்கைத் துறையே வெளியிடுகிறது.

ஆன்எக்ஸ் போன்ற வரைபடச் செயலியை வாங்கி, உங்கள் பகுதியின் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் கிடைக்காது. எது தேசிய வனம், எது தனியார் நிலம் என்று நிறம் பிரித்துக் காட்டும் அது. வேலி இல்லை, போர்டு இல்லை என்பதெல்லாம் சாக்கு ஆகாது. தனியார் நிலத்தில் அனுமதியின்றிக் கால் வைத்தால் வழக்கு.

வரைபடத்தில் மூன்றைத் தேடுங்கள்: காலையும் மாலையும் மேய்வதற்குப் புல்வெளி, பகலில் படுக்க வடக்கு நோக்கிய சரிவில் அடர்ந்த ஸ்ப்ரூஸ் என்னும் ஊசியிலை மரக் காடு, பக்கத்தில் தண்ணீர். மூன்றும் ரோட்டிலிருந்து ஒன்றரை, இரண்டு கிலோமீட்டருக்குள் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் எவ்வளவு அழகான பள்ளத்தாக்கு இருந்தாலும், குதிரை ஏற்பாடு இல்லையென்றால் உங்களுக்கு அது இல்லை. இப்படி ஐந்தாறு இடம் வேண்டும். முதல் நாள் விடியற்காலையில் முதலாவது இடத்தில் ஏற்கெனவே நான்கு வண்டி நிற்கும்.

துப்பாக்கியும் பயிற்சியும்

சுருக்கமாகவே சொல்கிறேன், இதைப் பற்றிப் பேச ஊரில் ஆள் நிறைய. .270, .308, .30-06, 7 எம்.எம். ரெமிங்டன் மேக்னம்: எதுவும் போதும். சட்டப்படி எல்க்குக்குக் குறைந்தது .24 அங்குல விட்டமும் 85 கிரெயின் எடையும் உள்ள தோட்டா வேண்டும். தோள் நோகாமல் சுட முடிகிற துப்பாக்கியே நல்ல துப்பாக்கி. மேசையில் வைத்துச் சுட்டுப் பழகியது மலையில் உதவாது. மண்டியிட்டு, உட்கார்ந்து, கம்பு ஊன்றி, ஓடி வந்து மூச்சிரைக்கச் சுட்டுப் பாருங்கள். அப்படிப் பத்துக்குப் பத்து எந்தத் தூரத்தில் விழுகிறதோ அதுதான் உங்கள் எல்லை. பலருக்கு அது 200 கஜம். குறி, முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடம்பின் கீழ்ப்பாதியில்: இதயமும் நுரையீரலும் அங்கேதான்.

ரைஃபிள் சீசனில் இடுப்புக்கு மேலே 500 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது பிங்க் உடை கட்டாயம், தலையிலும் அதே நிறம். சூரிய உதயத்துக்கு அரை மணி முன்பிருந்து அஸ்தமனத்துக்கு அரை மணி பின்பு வரைதான் சுடலாம். இதே காடுகளில் மூஸ் என்னும் இன்னொரு பெரிய மானும் உண்டு. உடம்பெல்லாம் ஒரே கருமை, தொங்கும் மூக்கு என்றால் மூஸ். எல்க்குக்குப் பிட்டம் வெளிறி, கழுத்து கருத்திருக்கும். எல்க் என்று நினைத்து மூஸைச் சுட்டுவிட்டு அபராதம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

உடம்பை ஜூன் மாதமே தயார் செய்யத் தொடங்குங்கள். பையில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு படியேறினாலே போதும், ஜிம் வேண்டாம். வேட்டைக்கு இரண்டு நாள் முன்பே மலைக்குப் போய்விடுங்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை என்றால் அது உயரத்தின் வேலை. குறையவில்லையென்றால் கீழே இறங்குவதுதான் மருந்து. போன் எடுக்காத இடத்தில் செய்தி அனுப்பச் செயற்கைக்கோள் கருவி ஒன்றை வாடகைக்காவது எடுங்கள்.

மலையில்

விடியுமுன்னே புல்வெளி தெரியும் இடத்தில் உட்கார்ந்துவிட வேண்டும். நடப்பதைவிட பைனாகுலரில் பார்ப்பதற்கே நேரம் அதிகம். எல்க்குக்குக் கண்ணும் காதும் கூர்மைதான், ஆனால் தப்பிக்க அது நம்புவது மூக்கை. ஒரு சின்னப் பிளாஸ்டிக் குப்பியில் வாசனையில்லாத பவுடரைப் போட்டுக்கொண்டு அடிக்கடி அமுக்கிப் பாருங்கள். காலை ஆறு மணிக்கு அந்தப் புகை சரிவில் கீழ்நோக்கி வழியும். எட்டரை, ஒன்பது மணிக்கு வெயில் சரிவில் ஏறியதும் ஒரு கணம் அங்கேயே சுற்றி நிற்கும். அடுத்த சில நிமிடத்தில் மேலே ஏறத் தொடங்கும். மாலையில் மறுபடி கீழே. அந்தச் சுற்றி நிற்கும் நேரத்தில் நீங்களும் அசையாமல் இருங்கள். காற்று எந்தப் பக்கம் என்று முடிவாகும் முன் எழுந்து நடந்தால், காட்டில் கிளை முறியும் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

அக்டோபர் கடைசியில் இணைசேரும் காலம் முடிந்து ஆண்கள் தனியாக ஒதுங்கியிருக்கும், பெண்கள் கூட்டமாக இருக்கும். பனி கனமாக விழுந்தால் கூட்டம் கீழே இறங்கும். வானிலை அறிக்கையில் பனி என்று கண்டால் கூடாரத்தைச் சுருட்டாதீர்கள்.

சுட்ட பிறகு

பாய்ந்து ஓடாதீர்கள். அது எங்கே நின்றது, எந்தப் பக்கம் போனது என்று ஒரு மரத்தை அடையாளம் வைத்து, அரை மணி நேரம் உட்காருங்கள். பிறகு ரத்தத் தடத்தைப் பிடித்துப் போங்கள். உயிர் போனது உறுதியானதும் முதல் வேலை டேக்கில் கையெழுத்திட்டுக் கிழிப்பது. படம் எடுப்பது அதற்குப் பிறகு.

குடலை எடுக்காமலே கறியை எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது; இரண்டு பேருக்கு அது எளிது. உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, சரிவில் உருளாமல் காலை மரத்தில் கயிற்றால் கட்டுங்கள். பிடரியிலிருந்து வால் வரை முதுகெலும்பை ஒட்டித் தோலைக் கீறி, வயிற்றுப் பக்கமாக உரித்து இறக்குங்கள். முன்சப்பைக்கு எலும்பு மூட்டே கிடையாது. ஒருவர் காலைத் தூக்கிப் பிடித்தால், கறிக்கடைக்காரர் ஆட்டுச் சப்பையை எடுப்பதுபோல் கத்தி வழுக்கிக்கொண்டே போகும். பின்தொடையில் பந்துக்கிண்ண மூட்டைத் தேடி, சுற்றியுள்ள நாரை அறுத்தால் 'டொப்' என்று விடுபடும். அடுத்து முதுகெலும்பை ஒட்டிய நீளக்கறி, கழுத்துக்கறி. கடைசி விலாவுக்குப் பின்னே கையை விட்டு, வயிற்றை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு உள்ளேயிருக்கும் மென்கறியை உருவி எடுக்கலாம். பிறகு புரட்டிப்போட்டு மறுபக்கம். ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பு ஒரு தொடையோடு இயல்பாக ஒட்டியே இருக்க வேண்டும், அதை அறுத்து எறிந்துவிடாதீர்கள். நான்கு கால்கள், முதுகுக்கறி, உள்ளிருக்கும் மென்கறி: இவற்றைக் காட்டில் விட்டுவருவது சட்டப்படி குற்றம்.

எல்க்கின் தோல் கனமானது, சூட்டை விடாது. வெளியே குளிர்ந்தாலும் தொடை எலும்பைச் சுற்றி உள்ளே புளித்துப்போகும். ஒவ்வொரு துண்டையும் துணிப்பையில் போட்டு, நிழலில், காற்றுப் படும்படி கிளையில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். இருட்டிவிட்டால் ஒரு சுமையோடு இறங்கிவிட்டு, மறுநாள் மீதிக்கு வரலாம். கரடி வரும் இடம் என்பதால் மீதி உடல் கிடக்கும் இடத்திலிருந்து நூறு கஜமாவது தள்ளிக் கட்டுங்கள். திரும்பும்போது சத்தம் கொடுத்துக்கொண்டே போங்கள்.

ஊர் திரும்ப

கசாப்புக் கூடத்தில் வெட்டிக்கொடுக்க வரிசை இருக்கும். முன்பே பேசி வைப்பது நல்லது. கொழுப்பு குறைந்த கறி என்பதால் முதுகுக்கறியை அதிகம் வேகவிடாதீர்கள். கழுத்தும் முன்சப்பையும் குக்கரில் ஐந்தாறு விசில் வாங்கும், மிளகு போட்டுச் சுக்கா வைத்தால் பிரமாதம். கொத்துக்கறியில் கோலா உருண்டை செய்வதானால் கொஞ்சம் ஆட்டுக் கொழுப்பு சேர்த்தால்தான் உதிராமல் வரும்.

விமானத்தில் வருவதானால் துப்பாக்கி தோட்டா நீக்கி, பூட்டிய கெட்டிப் பெட்டியில், கவுண்டரில் அறிவித்து ஏற்ற வேண்டும். கறியை உறையவைத்துப் பெட்டியில் போடலாம். குளிர் காக்கப் போடும் உலர்பனி (டிரை ஐஸ்) ஆளுக்கு இரண்டரை கிலோ வரைதான், அதற்கும் விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். மூளையும் முதுகுத்தண்டும் உள்ள பகுதிகளை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோகப் பல மாநிலங்கள் தடை போட்டிருக்கின்றன.

காரணம் சி.டபிள்யூ.டி. என்னும் மூளைநோய். 1967இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸ் ஆய்வு வளாகத்து மான்களில் முதலில் கண்டார்கள், 1981இல் காட்டு எல்க்கிலும் கண்டுபிடித்தார்கள். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான சான்று இல்லை. ஆனாலும் நோய் உறுதியான விலங்கின் கறியை உண்ண வேண்டாம் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. சொல்கிறது. சமைத்தால் அந்த நோய்க்கூறு அழியாது. தலையைத் துறையின் பரிசோதனை மையத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். முடிவு வரும்வரை கறியை யாருக்கும் பங்கு போட வேண்டாம். கசாப்புக் கூடத்தில் உங்கள் கறியை மற்றவர் கறியோடு சேர்த்து அரைக்காமல் தனியாக வெட்டித் தரச் சொல்லி, ஒவ்வொரு பொட்டலத்திலும் டேக் எண்ணை எழுதி வாங்குங்கள்.